பி.காம். படித்தவர் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆக முடியுமா? டெல்டா பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் ஒரு நெல் மண்டியில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் கணக்கு எழுதினேன். அங்கிருந்து ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட், அப்புறம் டெஸ்டிங். இப்போது சென்னையில் பேக்எண்ட் டெவலப்பர். ஊருக்கு வந்தால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தொடங்கி எல்லோரும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் படிக்காதவர்களை ஐ.டி. கம்பெனிகளில் எடுப்பார்களா?

எடுக்கிறார்கள். ஆனால் பி.இ. பையன் நுழைகிற அதே கேட் வழியாக இல்லை. பெரிய சர்வீஸ் கம்பெனிகள் பி.சி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களுக்குத் தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. விப்ரோவின் வில்ப், டி.சி.எஸ்.ஸின் இக்னைட், ஸ்மார்ட் ஹயரிங் எல்லாம் அந்த வகை. பி.காம்., பி.ஏ. படித்தவர்களை அதே கம்பெனிகள் பெரும்பாலும் பிராசஸ் வேலைக்குத்தான் கூப்பிடும். வெளிநாட்டு வங்கிக்கோ இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கோ கணக்கு சரிபார்க்கிற வேலை அது. கழுத்தில் அதே டேக் தொங்கும், அதே கேன்டீனில் சாப்பிடலாம். ஊரில் "பையன் ஐ.டி.யில் இருக்கான்" என்று பெயரும் கிடைக்கும். ஆனால் சாஃப்ட்வேர் எழுதுகிற வேலை அது இல்லை. அங்கிருந்து டெவலப்மென்ட் பக்கம் மாறியவர்களும் உண்டு. ஆனால் மேனேஜர் மனசு வைக்கவேண்டும், காலியிடம் வரவேண்டும், நேரமும் கூடிவரவேண்டும்.

எனக்குத் தெரிந்து நம் ஆட்கள் அதிகம் நுழைந்த வழி சின்ன கம்பெனிகள். கடைக்கு பில்லிங், பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ், ஆஸ்பத்திரிக்கு டோக்கன், ரைஸ் மில்லுக்கு ஸ்டாக் என்று சாஃப்ட்வேர் செய்து விற்கிற இருபது முப்பது பேர் கம்பெனிகள் திருச்சியிலும் சென்னையிலும் நிறைய இருக்கின்றன. கடைக்காரர் "டெபிட் நோட்டு ஏன் வரலை" என்று கத்தும்போது அவர் என்ன கேட்கிறார் என்று புரிகிற ஆள் அவர்களுக்குத் தேவை. பி.இ. முடித்து நேராக வந்தவருக்கு அது சட்டென்று புரியாது.

எனக்கு டேலியும் கொஞ்சம் எக்செல்லும்தான் தெரியும். எதில் தொடங்குவது?

"டேலியும்தான்" என்று இழுக்காதீர்கள். டேலியில் ஒரு வருஷம் ஒழுங்காகக் கணக்கு எழுதியவருக்கு ஒரு வவுச்சர் எத்தனை இடத்தைத் தொடுகிறது என்று தெரியும். பாதி டேட்டாபேஸ் அதுதான்.

முதலில் எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸில் இருக்கிற பட்டியல்களிடம் வேண்டியதைக் கேட்டு வாங்குகிற மொழி அது. பைத்தான், ஜாவா போன்ற ப்ரோகிராம் மொழிகள் எல்லாம் பிறகு. எல்லோரும் பைத்தானில் தொடங்கச் சொல்வார்கள். கணக்கு எழுதிய கைக்கு எஸ்.க்யூ.எல்.தான் சீக்கிரம் வசப்படும் என்பது என் கருத்து.

ஓர் உதாரணம். மண்டியில் சாயங்காலம் கணக்குப்பிள்ளை இரண்டு நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வார். ஒன்று அன்றைக்கு இறங்கிய லோடு. இன்னொன்று பணம் பட்டுவாடா. லோடு நோட்டில் ஒவ்வொரு பெயராக வாசித்து, பட்டுவாடா நோட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் டிக். இல்லாவிட்டால் சிவப்பு மையில் ஒரு வட்டம். அந்த வட்டங்கள்தான் நாளைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி. எஸ்.க்யூ.எல்.லில் இதற்குப் பெயர் லெஃப்ட் ஜாயின். முதல் பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் எடு, இரண்டாவதில் பொருந்துவதைச் சேர், பொருந்தாத இடத்தில் நல் (null, அதாவது வெற்று) என்று வை, பிறகு நல் இருப்பதை மட்டும் காட்டு. இன்டர்வியூவில் தவறாமல் கேட்கிற கேள்வி இது. வரையறையை ஒப்பிப்பவரைவிட அந்தச் சிவப்பு வட்டத்தைச் சொல்லி விளக்குபவருக்கு நான் மதிப்பெண் போடுவேன்.

இதே நோட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கும். ஒரே ஊரில் இரண்டு கோவிந்தராஜ். கணக்குப்பிள்ளை "கீழத்தெரு", "மேலத்தெரு" என்று அடைப்புக்குறியில் எழுதிவைப்பார். டேட்டாபேஸில் அதற்குத்தான் பிரைமரி கீ. பெயரை வைத்து ஆளை அடையாளம் காணாதே, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடு. அவ்வளவுதான் விஷயம்.

எஸ்.க்யூ.எல். கைக்கு வந்தபின் பைத்தான். பிறகு ஒரு வெப் பக்கம் செய்கிற அளவுக்கு ஹெச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட். இடையிலேயே கிட். இது லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது. எழுதிய கோடில், அதாவது ப்ரோகிராம் வரிகளில், யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிவு வைக்கிற கருவி. அழிக்காமல் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடு என்று கணக்கில் சொல்லிக்கொடுத்தார்களே, அதே ஒழுக்கம். பகலில் வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் படிப்பதானால் இதெல்லாம் ஒன்றரை வருஷம் வரை ஆகும். மூன்று மாதத்தில் முடியும் என்று யாராவது சொன்னால், அவர் எதையாவது விற்கிறாரா என்று பாருங்கள்.

இன்னொரு பாதையும் இருக்கிறது, அதிகம் பேர் சொல்வதில்லை. டேலிக்கென்றே டி.டி.எல். என்று ஒரு மொழி உண்டு. கடைக்காரர் கேட்கிற மாதிரி பில் வடிவத்தை மாற்றுவது, கூடுதல் ரிப்போர்ட் சேர்ப்பது எல்லாம் அதில்தான். டேலி விற்கிற பார்ட்னர் நிறுவனங்களுக்கு இது தெரிந்த ஆள் தேவைப்படும். கடைசிவரை அதிலேயே இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே கோடு எழுதிப் பழக இது ஒரு நல்ல இடம்.

ரெஸ்யூமேயில் போட என்ன ப்ராஜெக்ட் செய்யலாம்?

யூடியூபைப் பார்த்துச் செய்த டூ-டூ லிஸ்ட், வெதர் ஆப் வேண்டாம். எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் அதுதான் இருக்கிறது. உங்கள் பழைய வேலையில் உங்களை எரிச்சல்படுத்திய ஒன்றை எடுங்கள். டெல்டாவில் இருப்பவருக்கு இதில் பஞ்சமே இல்லை. நான் எல்லோருக்கும் சொல்வது நெல் கொள்முதல் கணக்கு.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். நெல்லைத் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, பட்டியல் எழுத்தர் சீட்டு போடுகிறார். 57 மூட்டை என்றால் 2,280 கிலோ, அதாவது 22.8 குவிண்டால். அதை விலையால் பெருக்கினால் தொகை. ஐந்து வரி ப்ரோகிராம் போலத் தெரியும். எழுதத் தொடங்கினால்தான் தெரியும், ஒரு பாடத்திட்டமே அதற்குள் இருக்கிறது.

ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுப்பார்கள். உடனே "17-க்கு மேல் போனால் நிராகரி" என்று கோடில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். மழை வருஷத்தில் ஒன்றிய அரசு தளர்வு அறிவிக்கும், வரம்பு ஏறும், பிறகு பழையபடி இறங்கும். விலையும் சன்ன ரகத்துக்கு ஒன்று, பொது ரகத்துக்கு ஒன்று, சீசனுக்குச் சீசன் வேறு. ஆகவே வரம்பும் விலையும் கோடுக்குள் இருக்கக் கூடாது. "எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை" என்ற இரண்டு நெடுவரிசைகளோடு தனி டேபிளில் இருக்கவேண்டும். போன சம்பாவில் போட்ட சீட்டை இன்று திறந்தாலும் அன்றைய விலைதான் வரவேண்டும். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பழைய விகிதத்தை எங்கும் சேமித்து வைக்காத பில்லிங் சாஃப்ட்வேரில் பழைய பில்லைத் திரும்ப அச்சடித்தால் புது வரியோடுதான் வரும்.

அடுத்தது பணம். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் பின்னங்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்வதால் 0.1 அதற்குள் முழுசாக அடங்குவதில்லை. ஒரு பில்லில் இது தெரியாது. சீசன் முழுக்கக் கூட்டினால் பேரேடு காசு கணக்கில் ஒத்துப்போகாமல் போகலாம். அதனால் பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைக்கவேண்டும், அல்லது டெசிமல் என்ற வகையைப் பயன்படுத்தவேண்டும். ஒரு பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தவருக்கு இது ஏன் முக்கியம் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

நிலத்தின் அளவையும் சேருங்கள். நம் பக்கம் பேச்சில் மா, வேலி. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். கடன் பாரத்தில் ஏக்கர், சென்ட். ஒரு மா 33 சென்ட், 20 மா ஒரு வேலி. மூன்று மாவை ஊரில் ஓர் ஏக்கர் என்போம், கணக்குப்படி 99 சென்ட். அந்த ஒரு சென்ட்டை எங்கே வைப்பது? உள்ளே ஒரே ஓர் அலகில் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுவது என்று முடிவெடுத்துப் பழகினால், நாளைக்கு டாலர்-ரூபாய், இந்திய நேரம்-அமெரிக்க நேரம் எல்லாவற்றுக்கும் அதே முடிவுதான்.

கடைசியாக, தமிழ்ப் பெயர். மன்னார்குடி என்று எழுதினால் நமக்கு ஆறு எழுத்து. பைத்தானில் நீளம் கேட்டால் 11 என்று சொல்லும். யூனிகோடில் புள்ளி, கால், கொக்கி எல்லாம் தனித்தனிக் குறியீடு. ஊர்ப் பெயருக்குப் பத்து இடம் போதும் என்று யாராவது ஒதுக்கிவைத்தால் "மன்னார்குட" என்று அச்சாகும். கால் உடைந்த தமிழ்ப் பெயரோடு வருகிற பில்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

இவ்வளவையும் செய்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி, கோடை எல்லோரும் பார்க்கும்படி வைக்கிற கிட்ஹப் இணையதளத்தில் போட்டுவிடுங்கள். ஒன்றே போதும். நிஜ விவசாயிகளின் பெயர், ஆதார், வங்கிக் கணக்கு எண் மட்டும் உள்ளே வரக் கூடாது. கற்பனைப் பெயர்களைப் போடுங்கள்.

எனக்குக் கணக்கு வராதே?

கும்பகோணத்தில் இதைக் கேட்டால் உடனே ராமானுஜன் பெயரை இழுப்பார்கள். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர் அவர். 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவு கிளார்க்காகச் சேர்ந்தார். அவரை விட்டுவிடுவோம், நமக்கு அந்த அளவு தேவையில்லை. பில்லிங், பேங்கிங், வெப் பக்கம் போகிறவருக்கு அன்றாடம் வேண்டியது சதவீதம், வகுத்தல் மீதி, "இதுவும் அதுவும் இருந்தால்" என்ற தர்க்கம், அவ்வளவுதான். மெஷின் லேர்னிங், கேம், கிராஃபிக்ஸ் பக்கம் போனால் உண்மையான கணிதம் வேண்டும். அங்கே போகிறவர்கள் மெட்ரிக்ஸையும் புள்ளியியலையும் தள்ளிப்போட முடியாது.

தமிழ் மீடியம். இங்கிலீஷ் பேச வராது.

வாசிக்க வரவேண்டும், இதில் சமாதானம் கிடையாது. எர்ரர் மெசேஜும் ஆவணங்களும் இங்கிலீஷில்தான் வரும். ஆனால் அவற்றில் வருவது ஒரு சில நூறு சொற்கள், திரும்பத் திரும்ப. எர்ரர் வந்தால் பயந்து விண்டோவை மூடிவிடுவது நம் பிள்ளைகளின் வழக்கம். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசியுங்கள். பைத்தானில் என்ன நடந்தது என்பது கடைசி வரியிலும், எந்த வரியில் நடந்தது என்பது அதற்கு மேலேயும் இருக்கும்.

எழுதுவதற்கு மூன்று வாக்கியம் பழகினால் போதும்: நான் என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது. சப்போர்ட் டிக்கெட், பக் ரிப்போர்ட், மேனேஜருக்கு மெயில் எல்லாமே இந்த அச்சில்தான். பேச்சு தானாக வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் ப்ராஜெக்டைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசிப் பழகுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள், கூச்சமாகத்தான் இருக்கும். இன்டர்வியூவில் உலக விஷயம் கேட்க மாட்டார்கள், நீங்கள் செய்ததைத்தான் கேட்பார்கள்.

எம்.சி.ஏ. சேரலாமா? ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆன்லைன் டிகிரி எப்படி?

எம்.சி.ஏ. 2020-லிருந்து இரண்டு வருஷப் படிப்பு. பி.காம். படித்தவரும் சேரலாம், ஆனால் பன்னிரண்டாம் வகுப்பிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்கவேண்டும். நீங்கள் படித்த வணிகக் கணிதத்தை ஏற்பார்களா என்று பணம் கட்டுமுன் கல்லூரியில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். வீட்டில் இரண்டு வருஷம் தாங்கமுடியும், கேம்பஸ் இன்டர்வியூ நடக்கிற கல்லூரியில் இடமும் கிடைக்கிறது என்றால் சேருங்கள். பெயர் தெரியாத கல்லூரியில் டிகிரிக்காக மட்டும் சேர்வதற்கு, சின்ன கம்பெனியில் சப்போர்ட் வேலையே மேல்.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். 2020-ல் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பு இல்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வருமானம், சாதிப் பிரிவைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பாடம் ஆன்லைன், முக்கியத் தேர்வுகள் மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுதவேண்டும். சுலபம் என்று நினைத்துச் சேராதீர்கள். கணிதமும் புள்ளியியலும் முதல் கட்டத்திலேயே வரும். நடுவில் நிறுத்தினாலும் முடித்த கட்டத்துக்கேற்ப சான்றிதழோ டிப்ளமாவோ கிடைக்கும்.

இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் வரும் கோர்ஸ்களைச் சும்மா அட்டெண்டன்ஸுக்காக முடிக்காமல் ஒழுங்காகச் செய்யுங்கள். காசு கேட்காமல் கிடைப்பதால் அதற்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்துகிற என்.பி.டி.இ.எல். வீடியோக்களும் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

வீட்டில் தம்பியோ தங்கையோ இப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு என்றால், ஸோஹோ என்கிற சாஃப்ட்வேர் கம்பெனி 2005-லிருந்து நடத்துகிற பள்ளியைப் பற்றி விசாரியுங்கள். கல்லூரிக்குப் பதிலாக அங்கே சேர்ந்து, உதவித்தொகை வாங்கிக்கொண்டே படிக்கலாம்.

"நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்கிற இன்ஸ்டிடியூட்டில் சேரலாமா?

சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள். போன பேட்ச்சில் வேலை கிடைத்தவர்களோடு, அவர்கள் பொறுக்கித் தருகிற இரண்டு பேரோடு இல்லாமல், நீங்களாகப் பேச முடியுமா? கட்டணத்தை மாதாமாதம் கட்டலாமா, நடுவில் நின்றால் மீதி திரும்புமா? பாடம் நடத்துகிறவர் எங்காவது வேலை பார்த்தவரா, போன பேட்ச்சில் படித்து முடித்தவரா? மூன்றாவதற்கு நெளிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

"படிப்பு இலவசம், வேலை கிடைத்தபின் சம்பளத்தில் கட்டு" என்பவர்களின் ஒப்பந்தத்தை முழுசாக வாசியுங்கள். சில இடங்களில் அது உங்கள் பெயரில் வாங்கப்படும் கடன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இ.எம்.ஐ. ஓடும். ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கிவைத்துக்கொள்கிறோம் என்று இன்ஸ்டிடியூட் கேட்டாலும் கம்பெனி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டால்தான் உள்ளே போகமுடியும் என்கிறார்களே?

அதை விற்கிறவர்கள் சொல்வார்கள். பி.எஃப்.பில் ஒவ்வொருவருக்கும் ஒரு யு.ஏ.என். எண். எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று அதில் நிற்கும். நீங்கள் மண்டியிலோ கடையிலோ பி.எஃப். பிடித்து வேலை பார்த்திருந்தால் அந்தத் தேதிகளே பொய் அனுபவத்தைக் காட்டிக்கொடுக்கும். சேர்ந்து எட்டு மாதம் கழித்துச் சரிபார்ப்பில் தெரிந்து, அன்றைக்கே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். மாட்டாவிட்டாலும் நிம்மதி கிடையாது. மூன்று வருஷ அனுபவசாலி என்று எடுத்தவரிடம் மூன்று வருஷ வேலையைத்தானே கேட்பார்கள்?

மண்டியில் கணக்கு எழுதிய வருஷங்களை மறைக்காதீர்கள். அதை அப்படியே எழுதுங்கள்: எத்தனை பில், என்ன சாஃப்ட்வேர், எதைச் சுலபமாக்கினீர்கள் என்று.

சப்போர்ட்டிலோ டெஸ்டிங்கிலோ சேர்ந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வோமா?

மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. டிக்கெட்டை மூடினோமா, கிளம்பினோமா என்று இருந்தால் ஐந்து வருஷம் கழித்தும் அதே நாற்காலிதான். ஒரே புகார் பல பேரிடமிருந்து வருகிறதென்றால் அது ஏன் வருகிறது என்று டேட்டாபேஸில் தேடிப் பார்க்க அனுமதி கேளுங்கள். வாசிக்க மட்டுமான அனுமதியைப் பெரும்பாலும் கொடுப்பார்கள். டெவலப்பருக்குப் புகாரை அனுப்பும்போது "பிரச்சனை இந்த டேபிளில், இந்தத் தேதிக்குப் பின் சேர்ந்த வரிசைகளில் மட்டும்" என்று எழுதி அனுப்புங்கள். நாலு முறை அப்படி அனுப்பினால் டெவலப்பரே உங்களைத் தேடி வருவார். அவர் நேரம் மிச்சமாகிறதே!

டெஸ்டிங்கில் கையால் செய்வதையே செய்துகொண்டிருக்காமல் செலினியம் அல்லது பிளேரைட் என்கிற சோதனைக் கருவியை எடுத்துத் தானியங்கியாக்குங்கள். அதுவும் கோடுதான். அங்கிருந்து டெவலப்மென்ட் அடுத்த நாற்காலி.

இரண்டு வருஷத்துக்குள் கம்பெனிக்குள்ளேயே வழி தெரியவில்லை என்றால் வெளியே தேடுங்கள். விசுவாசத்துக்கு இங்கே இன்கிரிமென்ட் கிடையாது.

இன்டர்வியூவில் "பி.காம். படித்துவிட்டு ஏன் இங்கே?" என்று கேட்டால்?

"ஐ.டி.யில் ஸ்கோப் அதிகம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தினமும் இரண்டு நோட்டை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன், எக்செல்லில் ஃபார்முலா போட்டேன், அது போதாமல் எஸ்.க்யூ.எல். கற்றேன், இதோ நான் செய்தது" என்று நடந்ததைச் சொல்லுங்கள். நடந்தது அதுவாக இருந்தால்தான், சும்மா மனப்பாடம் செய்தால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏ.ஐ.தான் எல்லாக் கோடையும் எழுதுகிறதே, இனிமேல் கற்று என்ன பயன்?

நியாயமான பயம். சாட்ஜிபிடி, கோபைலட் வந்தபின் ஃப்ரெஷர்களுக்கு முன்பு கொடுத்த சின்னச் சின்ன வேலைகளைக் கருவியே செய்துவிடுகிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் மேலே சொன்ன நெல் கணக்கை அதனிடம் கேட்டுப் பாருங்கள். அழகாக எழுதித் தரும். பிறகு சோதியுங்கள். ஈரப்பதம் சரியாக 17 என்றால்? 17.1 என்றால்? காலியாக விட்டால்? அவசரத்தில் 170 என்று தட்டிவிட்டால்? தளர்வு அறிவித்த தேதிக்கு முந்தின நாள் வந்த லோடு, மறுநாள் எடை போட்டால் எந்த வரம்பு? கடைசிக் கேள்விக்கு விடை கோடில் இல்லை, கொள்முதல் நிலைய வாசலில் ட்ராக்டரோடு இரண்டு நாள் காத்திருந்தவருக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றும். கேள்வி தெரிந்தவர் கருவியை வேலை வாங்குவார். ஆகவே கற்கும் காலத்தில் முதலில் நீங்களே எழுதுங்கள், அப்புறம் அதனிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். முழுசாக எழுதி வாங்கிப் பழகிவிட்டால் அது தப்பு செய்யும்போது உங்களுக்குத் தெரியாது.

சென்னைக்குப் போகாமல் முடியாதா? வீட்டில் பெண் பிள்ளையை அனுப்ப யோசிக்கிறார்கள்.

திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். ஆனால் முதல் வேலை என்று வரும்போது சென்னை, பெங்களூரில் இருக்கிற அளவு இடம் இங்கே இல்லை. முதல் இரண்டு வருஷம் வெளியூர், பிறகு வீட்டிலிருந்து வேலை அல்லது திருச்சி என்று திட்டமிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். புதிதாகச் சேர்கிறவர் ஆரம்பத்திலேயே வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வதுதான் பாதிப் படிப்பு.

வீட்டில் பேசும்போது வேலையைப் பற்றி மட்டும் பேசாமல் எங்கே தங்குவது, யார் கூட இருப்பார்கள், ராத்திரி ஷிஃப்ட் உண்டா, கேப் வருமா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸிலும் உழவனிலும் ஏறுகிற பெண்களைப் பாருங்கள். உங்கள் ஊர்க்காரர் ஒருவராவது அதில் இருப்பார். அவரை வீட்டுக்கு அழைத்துவந்து அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். நான் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

முப்பது வயதாகிவிட்டது. தாமதமா?

பெரிய கம்பெனிகளின் ஃப்ரெஷர் வாசல் மூடிவிட்டது. அங்கே தேர்ச்சி பெற்ற வருஷம் பார்ப்பார்கள். சின்ன கம்பெனிகளும் துறை அறிவு கேட்கிற இடங்களும் திறந்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கணக்கு, ஸ்டாக், சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரை நிறுவுகிற வேலை, பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு உங்கள் பத்து வருஷக் கணக்கு அனுபவம் நேரடியாக உதவும். சம்பளம் முதல் வருஷம் இறங்கலாம். குழந்தை, வீட்டுக் கடன் இருந்தால் அதற்குப் பணம் ஒதுக்கிவைத்துவிட்டு இறங்குங்கள்.

இருக்கிற வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கவா?

வேண்டாம். வேலையில்லாத மூன்றாவது மாதத்தில் கிடைத்த எதையும் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

சம்பளம் எவ்வளவு வரும்?

பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் பி.இ. ஃப்ரெஷருக்கே பல வருஷமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. சின்ன கம்பெனி சப்போர்ட் வேலை அதற்கும் கீழே. ஆஃபர் லெட்டரில் சி.டி.சி.யை (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) பார்க்காதீர்கள், கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். கூடவே பாண்ட் எத்தனை வருஷம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்றும் கேளுங்கள். 90 நாள் நோட்டீஸ் என்றால் அடுத்த வேலைக்கு மாறும்போது அது கழுத்தைப் பிடிக்கும்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்திருக்கிறேன். உதவுமா?

வேகம் உதவும், ஆனால் கோடில் அதிகம் வருவது அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும். அதற்குக் கை தனியாகப் பழகவேண்டும்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பணம் கேட்பதென்றால் மேட்டூர் திறந்து நடவுச் செலவு ஓடுகிற மாதங்களில் கேட்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து பணம் கணக்கில் ஏறியபின் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்புறம், கோர்ஸ் கட்டணத்தைவிடச் சென்னையில் அறை முன்பணமும் வேலை கிடைக்கும்வரை சாப்பாடும்தான் பெரிய செலவு. அந்தத் தொகையைத் தாளில் எழுதிக்காட்டுங்கள். "ஐ.டி.க்குப் போறேன்" என்று சொன்னால் மிரளுகிறவர்கள், ஆறு மாதச் செலவை வரிசையாக எழுதிக் காட்டினால் உட்கார்ந்து பேசுவார்கள்.

ரெஸ்யூமேயை உங்களுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள், பார்க்கிறேன். ஆனால் கூடவே ப்ராஜெக்ட் இணைப்பும், அதில் நீங்கள் எங்கே திணறினீர்கள் என்று நாலு வரியும் வேண்டும். தமிழில் எழுதினாலும் சரி. "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்று மட்டும் வந்தால் எனக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை. பொங்கலை ஒட்டிய வாரங்களில் பதில் தாமதமாகும். எங்கள் வீட்டில் அப்போது அறுவடை, எடைச்சீட்டு எழுதுவது இன்னும் என் வேலைதான்.